எம்.பி. ஆபீசில் வேலையா? சம்பளம் யார் பெயரில் வருகிறது என்று முதலில் பாருங்கள்

கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் இனிப்புப் பெட்டியோடு வந்தது. "பையனுக்கு எம்.பி. ஆபீசில் பி.ஏ. வேலை கிடைத்துவிட்டது சார், சென்ட்ரல் கவர்ன்மென்ட் வேலை" என்றார் அப்பா. மூன்றாம் ஆண்டு அதே பையன் வருமான வரி நோட்டீசோடு வந்து நின்றான். அவன் கைக்கு வந்தது மாதம் 12,000 ரூபாய். அவனுடைய பான் எண்ணில் ஏறியிருந்ததோ மாதம் 40,000. வங்கிக் கணக்கு அவன் பெயரில்தான் இருந்தது. பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும் சேர்ந்த முதல் நாளே வேறு கைக்குப் போய்விட்டன. "ஆபீஸ் கணக்கு தம்பி, நீ கையெழுத்து மட்டும் போடு" என்றார்களாம்.

அவனைப் போல இன்னும் மூன்று பேரைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விதி என்னவோ எளிமையானதுதான். நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஊதியம், படிகள் பற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அலுவலகச் செலவுப் படிக்கென்று 1988-ல் தனி விதிகள் வந்தன. அந்தப் படி 2018-ல் மாதம் 60,000 ரூபாய் ஆனது. அதில் 20,000 காகிதம், தபால் செலவுக்கு. 40,000 உதவியாளர் சம்பளத்துக்கு. 2025-ல் மொத்தம் 75,000 ஆக உயர்ந்தது. அதில் 50,000 ரூபாய் வரை உதவியாளருக்கு. எம்.பி.யின் சொந்தச் சம்பளமும் தொகுதிப் படியும் இதில் சேராது. உதவியாளருக்கான பணத்தை எம்.பி. வாங்கிக் கொடுப்பதில்லை. அவர் எழுதிக் கொடுக்கும் நபரின் வங்கிக் கணக்குக்கு மக்களவைச் செயலகமோ மாநிலங்களவைச் செயலகமோ நேரடியாக அனுப்புகிறது. தமிழ்நாட்டிலிருந்து மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர். 57 பேருக்கும் இதே விதிதான்.

சிக்கல் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

"வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். 50,000 ரூபாய் உங்கள் சம்பளம் என்று விதி சொல்லவில்லை. ஒருவருக்கே முழுதாகவும் கொடுக்கலாம், இரண்டு மூன்று பேருக்குப் பிரித்தும் கொடுக்கலாம். யாருக்கு எவ்வளவு என்பது எம்.பி. எழுதிக் கொடுப்பதைப் பொறுத்தது. அவர்களில் ஒருவருக்காவது கணினி தெரிந்திருக்க வேண்டும், அதற்குச் சான்று சொல்பவரும் எம்.பி.தான். தேர்வும் இல்லை, எந்தச் சான்றிதழும் வாங்கி வர வேண்டியதில்லை. ஆகவே "இந்த கம்ப்யூட்டர் கோர்ஸை முடித்தால் எம்.பி. பி.ஏ. வேலை உறுதி" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வேலைக்குச் சேரும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. "செயலகத்துக்கு அனுப்பிய படிவத்தில் என் பெயர் இருக்கிறதா? எவ்வளவு என்று எழுதியிருக்கிறீர்கள்?" இதைக் கேட்கப் பலருக்குக் கூச்சம். அண்ணன் நமக்கு வேலை கொடுத்திருக்கிறார், அவரிடம் போய்க் கணக்குக் கேட்பதா என்று தயங்குகிறார்கள். கேளுங்கள். அது அண்ணன் பணமல்ல, செய்கிற வேலைக்கு அரசுக் கருவூலத்திலிருந்து வருகிற கூலி. படிவத்தின் நகலைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். படம் எடுக்க விடவில்லை என்றால் உங்களிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு விதமாக ஏமாற்று நடக்கிறது. முதலாவது, வேலை செய்வது நீங்கள், படிவத்தில் இருப்பது வேறொருவர். சொந்தக்காரர், கட்சிக்காரர், சில இடத்தில் வெளியூரில் இருப்பவர். உங்களுக்கு ஏதோ ஒரு தொகை ரொக்கமாக வரும். நின்றுபோனால் நீங்கள் அங்கே வேலை செய்ததற்கே தடயம் இருக்காது. இரண்டாவது, நான் முதலில் சொன்ன பையனுக்கு நடந்தது. படிவத்தில் உங்கள் பெயர், கணக்கு உங்கள் பெயர், பணம் மட்டும் அடுத்தவர் கைக்கு. இதுதான் அதிக ஆபத்து. வரியும் பழியும் உங்கள் தலையில் விழும்.

எனவே கணக்கை நீங்களே போய்த் தொடங்குங்கள். குறுஞ்செய்தி வரும் எண் உங்கள் சொந்த எண்ணாக இருக்கட்டும். கார்டு, பாஸ்புக், கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். ஆபீசில் இருக்கும் மூத்தவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். "முழுத் தொகையும் உன் கணக்கில் வரும், எடுத்து மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிடு" என்பார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். மற்ற இருவர் பெயரையும் படிவத்தில் சேர்க்க விதியில் இடம் இருக்கிறது. சேர்க்க மறுத்தால் காரணம் கேளுங்கள்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் வருமான வரி இணையதளத்தில் தங்கள் பான் எண்ணைக் கொண்டு உள்ளே போய், ஆண்டுத் தகவல் அறிக்கையையும் படிவம் 26ஏ.எஸ்.-ஐயும் இறக்கிப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத வரவோ வரிப் பிடித்தமோ அதில் கண்ணில் படலாம். எதுவும் இல்லை என்பதால் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். வங்கிக்குப் போய் உங்கள் பான் எண்ணில் என்னென்ன கணக்கு இருக்கிறது என்று கேளுங்கள்.

உங்கள் பெயரில் ஏறும் பணம் உங்கள் வீட்டு வருமானமாகத்தான் பார்க்கப்படும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 50,000 என்றால் ஆண்டுக்கு 6 லட்சம். 12,000 மட்டும் கையில் வாங்கும் பையனின் அம்மா, அந்த 1,000 ரூபாயைக் காகிதத்தில் மட்டும் இருக்கும் 6 லட்சத்தால் இழக்கிறார். தங்கையின் கல்வி உதவித்தொகைக்கும் வருமானச் சான்று கேட்பார்கள். தாலுகா ஆபீசில் போய் "பணம் எனக்கு வரவில்லை, கணக்கில்தான் வந்தது" என்று சொன்னால் யார் கேட்பார்கள்? அந்த மேசையில் இருப்பவருக்குக் கணக்கில் இருப்பதுதான் தெரியும். வரி கட்டும் அளவு வராவிட்டாலும், 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுத்தான் அந்தப் பையனுக்கு நோட்டீஸ் வந்தது.

அடுத்தது, "சென்ட்ரல் கவர்ன்மென்ட் வேலை" என்ற பேச்சு. அது அரசு வேலை அல்ல. நாடாளுமன்றச் செயலகத்தின் ஊழியர்கள் விளம்பரம், தேர்வு வழியாக வருகிறவர்கள். நீங்கள் எம்.பி. வைத்துக்கொண்ட ஆள். எம்.பி. எழுதிக் கொடுத்தால் சேர்க்கை, எழுதிக் கொடுத்தால் நீக்கம். இடையில் விசாரணை கிடையாது. நாடாளுமன்ற நுழைவு அட்டை கையில் இருந்தாலும் அது உள்ளே போக அனுமதிதான், நியமன ஆணை அல்ல. பி.எஃப். சட்டம் 20 பேர் வேலை செய்யும் இடத்துக்கு, இ.எஸ்.ஐ.யும் பணிக்கொடையும் 10 பேர் இருக்கும் இடத்துக்கு. மூன்று நாற்காலி போட்ட தொகுதி ஆபீசில் இவை எதுவும் வராது. வேலை நிரந்தரமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"கேரளாவில் மந்திரி ஸ்டாஃபுக்கு இரண்டு வருஷத்திலேயே பென்ஷன் உண்டாமே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உண்டு. ஆனால் அது அந்த மாநிலம் தன் அமைச்சர்களின் தனி ஊழியர்களுக்கு வைத்திருக்கும் விதி. 2022-ல் அங்கே ஆளுநராக இருந்த ஆரிப் முகமது கான் அதை வெளிப்படையாக எதிர்த்தார், பெரிய சண்டையானது. அதைக் காட்டி இங்கே எம்.பி. ஆபீசில் உரிமை கோர முடியாது. மத்திய அமைச்சர்களின் தனி ஊழியர்களாக வெளியிலிருந்து எடுக்கப்படுபவர்களுக்கு அரசு ஊதிய நிலையில் சம்பளம் உண்டு. ஆனால் அமைச்சர் பதவி போகும் நாளில் அந்த வேலையும் போய்விடும்.

பணம் கொடுத்து இந்த வேலையை வாங்கியவர்கள் என் மேசைக்கு வரும்போது எனக்கு மனது கனத்துப் போகும். நகையை அடகு வைத்து 2 லட்சம், 3 லட்சம் என்று இடைத்தரகரிடம் கொடுத்திருப்பார்கள். "எம்.பி. லெட்டர் பேடு" ஒன்றின் நகலைக் காட்டுவார்கள். அதில் எழுதியிருப்பதை வைத்து எந்தச் செயலகமும் வேலை கொடுக்காது. இப்படி ஏமாந்தவர்கள் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் மோசடிப் புகார் கொடுக்கலாம். ஆனால் ஒரு கெடு இருக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் வந்த திருத்தத்தின்படி லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளி. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் போலீசுக்கோ விசாரணை அமைப்புக்கோ தெரிவித்தால்தான் அதிலிருந்து விலக்கு. "அண்ணன் பார்த்துக்கொள்வார்" என்று தரகர் ஆறு மாதம் இழுத்தடிப்பதற்குள் உங்கள் வாய் அடைபட்டுவிடும். தாமதித்துவிட்டவர்கள் வக்கீலைப் பார்த்த பிறகு ஸ்டேஷனுக்குப் போங்கள்.

வேலைக்குள் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரயிலில் அவசர ஒதுக்கீட்டுக் கடிதம், பிரதமர் நிவாரண நிதிக்கு மருத்துவச் சிபாரிசு என்று லெட்டர் பேடு உங்கள் கையில்தான் இருக்கும். ஒவ்வொரு கடிதத்துக்கும் எண், தேதி, யாருக்கு, யார் சொல்லி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாளை வாங்கி வைக்காதீர்கள். கேந்திரிய வித்யாலயாவில் எம்.பி. ஒதுக்கீடு 2022-லேயே ரத்தாகிவிட்டது. இன்னும் அதன் பெயரில் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கடிதம் விற்கப்பட்டது என்று வழக்கு வந்தால் முதலில் தேடி வருவது உதவியாளரைத்தான்.

பெண்களுக்கு: பத்துப் பேருக்குக் குறைவான அலுவலகத்தில் பாலியல் தொல்லை என்றால், மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்ப் புகார் குழுவிடம் 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். கலெக்டர் ஆபீசில் விசாரித்தால் "அப்படி ஒன்று இங்கே இல்லை" என்று முதல் மேசையில் சொல்லக்கூடும். மாவட்டச் சமூக நல அலுவலரைக் கேளுங்கள். அங்கேயும் தட்டிக்கழித்தால் மனுவைப் பதிவுத் தபாலில் கலெக்டர் பெயருக்கே அனுப்பி ரசீதை வையுங்கள்.

சம்பளம் வரவில்லை என்று கிளம்பினால் எங்கெங்கே அலைய விடுவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொழிலாளர் அலுவலகம் "இது எங்கள் வரம்பில் வராது" என்னும். டெல்லிக்குப் போன் செய்தால் "மாண்புமிகு உறுப்பினர் எழுதிக் கொடுத்தபடிதான் அனுப்புகிறோம்" என்பார்கள். கட்சி ஆபீசில் "தேர்தல் முடியட்டும்" என்பார்கள். எம்.பி.க்களின் நடத்தையை விசாரிக்கும் மக்களவை நெறிமுறைக் குழுவுக்குப் புகார் கொடுக்கலாம் என்றால், வெளியாள் ஒருவர் இன்னொரு எம்.பி. வழியாகத்தான் கொடுக்க முடியும். 12,000 ரூபாய் சம்பளக்காரர் இன்னொரு எம்.பி.க்கு எங்கே போவார்?

இந்த வரிசையில் நிற்காதீர்கள். முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் உரிய செயலகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். ஊழல் நடந்ததா என்றெல்லாம் கேட்காதீர்கள். "என் பெயரில், இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை, எம்.பி.யின் உதவியாளர் சம்பளமாக எவ்வளவு தொகை, எந்த வங்கிக் கணக்குக்கு அனுப்பப்பட்டது? அதற்கான படிவத்தின் நகல் வேண்டும்" என்று மட்டும் கேளுங்கள். கேட்பது உங்களைப் பற்றிய தகவல் என்பதால், அடுத்தவர் விவரம் என்று சொல்லி மறுக்க முடியாது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அந்தத் தாள் கையில் வந்த பிறகு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. உதவி எண் 15100. வரவேண்டிய கூலிக்கு வழக்குப் போட 3 ஆண்டுதான் காலம், பேசிப் பேசியே அதைக் கழித்துவிடாதீர்கள்.

பதவிக்காலம் முடியும் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். 17-ஆவது மக்களவை 2024 ஜூன் 5-ஆம் தேதி கலைக்கப்பட்டது. அதில் இருந்த எம்.பி.க்களிடம் வேலை செய்தவர்களுக்கும் கணக்கு அன்றோடு முடிந்தது. மாநிலங்களவை என்றால் அந்த எம்.பி.யின் 6 ஆண்டு எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். மூன்று மாதம் முன்பே அனுபவச் சான்று கேளுங்கள். சேர்ந்த தேதி, செய்த வேலை, வாங்கிய தொகை மூன்றும் அதில் இருக்கட்டும். பதவி போன மறுநாள் தொகுதி ஆபீஸ் பூட்டிக் கிடக்கும், போன் எடுக்க ஆள் இருக்காது.