ஆய்வுக்கு விலக்கு, விற்பனைக்குத் தடை: ஆய்வக இறைச்சிச் சட்டங்கள் எங்கே கை வைக்கின்றன?

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஆய்வக இறைச்சியை (விலங்கின் செல்களைக் கலனில் வளர்த்து உருவாக்கும் இறைச்சி) விற்பனைக்காகத் தயாரிப்பது, விற்பது, விற்பனைக்காக வைத்திருப்பது, விநியோகிப்பது எல்லாமே குற்றம். 2024 மே 1 அன்று ஆளுநர் டிசாண்டிஸ் கையெழுத்திட்ட சட்டம் ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. மீறினால் 60 நாள் வரை சிறை, 500 டாலர் வரை அபராதம். அதே ஆண்டு அக்டோபரில் அலபாமாவும் சேர்ந்துகொண்டது. அங்கே சிறை 3 மாதம் வரை. இரண்டு சட்டங்களும் ஆராய்ச்சியைத் தடையிலிருந்து விட்டுவைக்கின்றன. "ஆராய்ச்சியை யாரும் தடுக்கவில்லையே, புதுமைக்கு என்ன கெட்டுவிட்டது?" என்று தடையை ஆதரிப்பவர்கள் கேட்பது இந்த விலக்கை வைத்துத்தான்.

இந்தத் துறையின் கடினமான வேலை ஆய்வக மேசையில் நடப்பதில்லை. அதனால்தான் அந்த விலக்கு பெரிதாக உதவுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செல் வங்கியில், அதாவது செல்களை உறையவைத்துச் சேமிக்கும் இடத்தில், இருக்கும் ஒரு குப்பியில் சுமார் 1 கோடி செல்கள் இருக்கும். அதை உருக்கி, படிப்படியாகப் பெரிய கலன்களுக்கு மாற்றி, கடைசியில் 1,000 லிட்டர் பயோரியாக்டரில் (செல் வளர்க்கும் தொட்டியில்) மில்லிலிட்டருக்கு 1 கோடி செல் என்ற அடர்த்திக்குக் கொண்டுவர வேண்டும். மொத்தம் 10 லட்சம் கோடி செல்கள். சுமார் 20 இரட்டிப்புகள். இரட்டிப்புக்கு ஒரு நாள் என்று வைத்தாலும் மூன்று வாரம். ஒரு செல்லின் எடையை 3 நானோகிராம் என்று எடுத்துக்கொண்டால் லிட்டருக்கு 30 கிராம். மூன்று வார உழைப்பில் முழுத் தொட்டியிலிருந்தும் கிடைப்பது 30 கிலோ ஈரமான செல், அவ்வளவுதான்.

கெட்டுப்போகும் இடமும் இந்தப் பாதையில்தான். சிறு குடுவையில் மெல்லக் குலுக்கினாலே போதிய ஆக்ஸிஜன் கரைந்துவிடும். பெரிய தொட்டியில் காற்றைக் குமிழாகச் செலுத்தியே ஆக வேண்டும். குமிழ் மேற்பரப்பில் வெடிக்கும்போது பக்கத்திலிருக்கும் செல்கள் கிழிந்துபோகும். குமிழைக் குறைத்தால் அடியில் கார்பன் டை ஆக்ஸைடு தேங்கும். செல்கள் கழிவாக வெளியேற்றும் அம்மோனியா சிறிதளவு சேர்ந்தாலே வளர்ச்சி மந்தமாகிவிடும். தொற்று இதைவிட மோசம். செல் ஒருமுறை இரட்டிப்பதற்குள், அரை மணிக்கு ஒருமுறை பெருகும் பாக்டீரியா 48 முறை இரட்டித்துவிடும். மாதிரி எடுக்கும் வால்வில் கசிவைத் தடுக்கும் ஒரு வளையம் (கேஸ்கெட்) சரியாக உட்காரவில்லை என்றால் மூன்று வாரமும் சாக்கடைக்குத்தான்.

பத்து லிட்டரில் வேலை செய்தது ஆயிரம் லிட்டரில் ஏன் செய்யவில்லை என்பதைப் பெரிய தொட்டியில் ஓட்டி ஓட்டித்தான் கற்க முடியும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் செலவு பெரிது. விற்க வழியில்லாத பொருளுக்கு அந்தச் செலவை யார் போடுவார்கள்? பல்கலைக்கழக மானியம் சில லிட்டர்களோடு நின்றுவிடும்.

விற்பனை திறந்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சிங்கப்பூர் சான்று. 2020 டிசம்பரில் உலகிலேயே முதலாவதாக ஒரு நிறுவனத்தின் ஆய்வகக் கோழிக்கு அங்கே அனுமதி கிடைத்தது. அப்போது வளர்ப்பு ஊடகத்தில், அதாவது செல்களுக்கு ஊட்டம் தரும் திரவத்தில், கன்றுக்கரு சீரம் (கருவிலிருக்கும் கன்றின் ரத்தத்திலிருந்து எடுப்பது) சிறிதளவு இருந்தது. 2023 ஜனவரியில் அதே நிறுவனத்தின் சீரமே இல்லாத ஊடகத்துக்கும் அனுமதி வந்தது. 2024 மே மாதம் 3 சதவீதம் மட்டும் கோழிச் செல், மீதி தாவரப் புரதம் என்ற கலவை ஒரு சில்லறை இறைச்சிக் கடையில் விற்பனைக்கு வந்தது. விலையைக் குறைக்க எடுத்த இந்த முடிவைச் சிலர் கேலி செய்தார்கள். உற்பத்திக் கணக்கு தெரிந்தவர்களுக்கு அது புத்திசாலித்தனமாகவே படும்.

புளோரிடாவில் இந்த 3 சதவீதத்துக்கும் இடமில்லை. "வளர்க்கப்பட்ட விலங்குச் செல்களிலிருந்து உருவான எந்த இறைச்சியும் உணவுப் பொருளும்" என்பதுதான் அங்குள்ள வரையறை; குறைந்தபட்ச அளவு என்று எதுவும் இல்லை. சோயா தொத்திறைச்சியில் சுவைக்காகச் சேர்க்கும், விலங்குச் செல்லிலிருந்து வளர்த்த கொழுப்பும் மாட்டிக்கொள்ளும். ஈஸ்ட்டை வைத்துத் தயாரிக்கும் பால் புரதம் மாட்டாது, அதில் விலங்குச் செல்லே இல்லை. ஆகவே இப்படிப்பட்ட சட்டம் கைக்கு வந்தால் முதலில் வரையறையைப் படியுங்கள், அடுத்து வினைச்சொற்களை. "விநியோகம்" என்று இருந்தால் இலவசச் சுவை பார்த்தலுக்கும் ஆபத்து உண்டு. ஆராய்ச்சி விலக்கு தனியார் நிறுவனத்துக்கும் பொருந்துமா, மனிதர்களைக் கொண்டு நடத்தும் சுவைச் சோதனை ஆராய்ச்சியில் அடங்குமா என்பதை வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

இத்தாலி இன்னும் ஒரு படி மேலே போனது. 2023 டிசம்பரில் அமலான சட்டம் ஏற்றுமதிக்காகத் தயாரிப்பதையும் தடுக்கிறது; அபராதம் 10,000 யூரோவில் தொடங்குகிறது. அப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு செல் இறைச்சிக்கும் அனுமதி கிடைத்திருக்கவில்லை. கடையிலேயே இல்லாத பொருளுக்குத் தடை! நடைமுறையில் அதன் விளைவு, இத்தாலியப் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தவர் தொழில் தொடங்க வேறு நாட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான்.

எல்லாப் பழியையும் தடையின் மீது போடுவது நேர்மையாகாது. 2021இல் 100 கோடி டாலரைத் தாண்டிய முதலீடு 2023லேயே வெகுவாகச் சரிந்துவிட்டது. அமெரிக்காவில் முதல் தடை வந்தது அதற்குப் பிறகு. வட்டி விகித உயர்வும், உற்பத்தி பற்றி அளவுக்கு மீறிக் கொடுத்த வாக்குறுதிகளுமே பெரிய காரணங்கள். ஆனால் ஏற்கெனவே தயங்கிக்கொண்டிருந்த முதலீட்டாளருக்குத் தடை ஒரு நல்ல சாக்கு.

பாதுகாப்பு என்ற வாதத்தையும் பார்க்க வேண்டும். உலக உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 2023இல் 53 சாத்தியமான ஆபத்துகளைப் பட்டியலிட்டன. அவற்றில் பெரும்பாலானவை மற்ற உணவுகளிலும் இருப்பவைதான். அமெரிக்காவில் செல் வங்கி முதல் அறுவடை வரை உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, அதன்பின் கோழி, மாட்டிறைச்சி வகைகளுக்கு வேளாண் துறை என்று இரட்டைக் கண்காணிப்பு உண்டு. ஐயம் இருந்தால் சோதனையைக் கடுமையாக்கலாம், லேபிளைத் தெளிவாக்கலாம். அமெரிக்க இறைச்சி நிறுவனங்களின் சங்கமே புளோரிடா மசோதாவை எதிர்த்தது. பெரிய இறைச்சி நிறுவனங்கள் சில இந்தத் தொழிலில் பணம் போட்டிருக்கின்றன என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

"தற்காலிகத் தடை" என்ற சொல்லை நம்பித் திட்டமிடுபவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இந்தியானாவின் தடை 2025 ஜூலை முதல் 2027 ஜூன் வரை. டெக்சாஸின் தடை 2025 செப்டம்பர் முதல் 2027 செப்டம்பர் வரை. ஓர் உற்பத்திக் கூடத்தை வடிவமைத்து, கட்டி, கருவிகளைச் சரிபார்த்து, அரசு அதிகாரிகளின் சோதனை முடிந்து அனுமதி பெறவே இரண்டு ஆண்டு போய்விடும். தடை முடிந்த மறுநாள் பொருளைக் கடையில் வைக்க வேண்டுமென்றால் தடை அமலில் இருக்கும்போதே கட்டுமானத்தைத் தொடங்க வேண்டும். தடை நீட்டிக்கப்பட்டால் போட்ட பணம் முடங்கும். அதனால் கூடத்தை வேறு மாநிலத்தில் வைத்துக்கொண்டு, இந்த இரண்டு மாநிலங்களின் விற்பனையை வருமானக் கணிப்பில் சேர்க்காமல் விடுவதே இப்போதைக்குச் சரியான கணக்கு.