செட்டு லூசா, எலும்பு மெலிவா?

"டாக்டர், இந்த செட்டும் லூசாயிடுச்சு." 67 வயது அம்மா ஒருவர். ஆறு வருடத்தில் இது அவருக்கு மூன்றாவது பல்செட். கீழே முன்பக்கம் இரண்டு பற்கள் மட்டும் மிச்சம், அவையும் ஆடிக்கொண்டிருந்தன. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "ரசம் சாதத்தைக் குழைச்சுக் குடிச்சிடுவேன்" என்றார். சாப்பிடுவேன் என்று சொல்லவில்லை.

கடிக்கச் சொல்லி இரண்டு கன்னத்திலும் விரல் வைத்தேன். காதுக்குக் கீழே, தாடை மூலையில், கடிக்கும்போது ஒரு தசை திரண்டு எழும்பும். நீங்களும் இப்போதே தொட்டுப் பார்க்கலாம். இதன் பெயர் மாசெட்டர். நெற்றிப்பொட்டில் அசைவது டெம்பொராலிஸ். உள்ளே இன்னும் இரண்டு ஜோடி உண்டு. அந்த அம்மாவின் கன்னத்தில் ஏதோ லேசாகப் புரண்டது, அவ்வளவுதான்.

ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் (இரண்டு தாடையும் முழுதாகத் தெரியும் படம்) கீழ்த்தாடையின் அடிவிளிம்பு பட்டையான வெள்ளைக் கோடாகத் தெரிய வேண்டும். மோவாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில் நரம்பு வெளிவரும் துளை இருக்கிறது. அதற்குக் கீழே அந்தக் கோடு 3 மி.மீ.க்கும் குறைவாக இருந்தால் எங்களுக்குச் சந்தேகம் வரும். இவருக்கு அது மெலிந்து, உள்பக்கம் கறையான் அரித்தது போலிருந்தது. எங்காவது விழுந்தீர்களா என்று கேட்ட பிறகுதான், பாத்ரூமில் வழுக்கி மணிக்கட்டு முறிந்த கதை வெளியே வந்தது. கட்டுப் போட்டதோடு சரி, எலும்பின் அடர்த்தியை யாரும் பார்க்கச் சொல்லவில்லை. பல் எக்ஸ்ரேயை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது என்பதால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு அனுப்பினேன். ஆரோக்கியமான இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்ணான டி-ஸ்கோர் -2.9 வந்தது. -2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு. (நம் ஊரில் மூட்டுவலியையும் இதையும் சேர்த்து 'எலும்புத் தேய்மானம்' என்றே சொல்லிவிடுகிறார்கள். மூட்டுத் தேய்மானம் வலிக்கும். எலும்பு மெலிவோ முறியும்வரை சத்தமே போடாது.)

தசை இழுக்க இழுக்கத்தான் எலும்பு தன் பலத்தைக் காத்துக்கொள்ளும். பல் போனால் அதைத் தாங்கிய எலும்பு மேடு கரையத் தொடங்கும். அதிலும் கீழ்த்தாடை மேல்தாடையைவிட வேகமாகக் கரையும். மேடு இல்லாமல் செட்டு நிற்காது, செட்டு நிற்காவிட்டால் கடிக்கப் பயம் வரும், கடிக்காத தசை சுருங்கும். முழு செட்டு நன்றாகப் பொருந்தினாலும் சொந்தப் பல்லின் கடிவிசையில் கால் பங்கு கிடைத்தாலே பெரிது. பிரேசிலின் ரிபெய்ராவ் பிரெட்டோவில் தசையின் மின்னசைவைப் பதிவு செய்து பார்த்த பல் மருத்துவ ஆய்வாளர்கள், தாடை எலும்பு மெலிந்தவர்களின் மெல்லும் திறன் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்ததைக் கண்டார்கள். இந்த அம்மாவின் விஷயத்தில் பழியை முழுக்க எலும்பின் மேல் போட மாட்டேன். வயது, பல்லிழப்பு, சரியாக அமையாத செட்டு எல்லாமே கூட்டாளிகள்.

கஞ்சிக்கு மாறுவதுதான் நான் பார்ப்பதிலேயே பெரிய தப்பு. வயிறு நிறையும், புரதம் போதாது, தசை இன்னும் இளைக்கும். மென்மையான உணவு வேறு, தண்ணீரான உணவு வேறு. நன்றாக வெந்த பருப்பு, முட்டை, முள் நீக்கிய மீன், கூழுக்குப் பதில் முருங்கைக்கீரை போட்ட மெத்தென்ற கேழ்வரகு அடை. சின்னத் துண்டாக, இரண்டு பக்கமும் பகிர்ந்து மென்று சாப்பிடச் சொல்வேன். ஒரே பக்கம் மென்றால் செட்டு மறுபக்கம் தூக்கும்.

எலும்பு மெலிவுக்கான மாத்திரை தொடங்கும் முன்பே அந்த அம்மாவின் ஆடிய இரண்டு பற்களையும் எடுத்து, புண் ஆறும்வரை காத்திருந்தோம். அலென்ட்ரோனேட், சோலட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் போன்ற மருந்துகளில் இருப்பவர்களுக்குப் பல் பிடுங்கிய இடம் அரிதாக ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரியும். எலும்பு மெலிவுக்குக் கொடுக்கும் அளவில் இந்த ஆபத்து மிகக் குறைவு. புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவில்தான் அதிகம். அதனால் பயந்துபோய் நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். குறிப்பாக டெனோசுமாப் ஊசியைத் தள்ளிப்போட்டால் முதுகெலும்பு முறியும் ஆபத்து உண்டு.

எங்கள் க்ளினிக்கில் "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டால், "சுகருக்கும் பிரஷருக்கும்தான்" என்பார்கள். வாரம் ஒருநாள் வெறும் வயிற்றில் விழுங்கும் எலும்பு மாத்திரை யாருடைய கணக்கிலும் வராது. இப்போதெல்லாம் தனியாகவே கேட்கிறோம்: வாரத்துக்கு ஒரு மாத்திரை உண்டா? ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி? வருஷத்துக்கு ஒரு டிரிப்ஸ்?