ஹைப் என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்வது?

ஒரு ஆளோ படமோ பொருளோ களத்துக்கு வருவதற்கு முன்பே ஊடகமும் விளம்பரமும் ரசிகர்களுமாகச் சேர்ந்து கிளப்பிவிடும் சத்தம்தான் ஹைப். 'செம ஹைப் ஏத்துறாங்க', 'ஓவர் ஹைப்' என்று நம் பேச்சிலும் ஊறிவிட்டது.

பிறந்த இடம் அமெரிக்கக் கொச்சை வழக்கு. 1920களில் சில்லறை கொடுக்கும்போது கண்ணைக் கட்டி ஏமாற்றும் வேலைக்கு இந்தப் பெயர் இருந்தது. ஹைப்போடெர்மிக் ஊசி சுருங்கி, போதை ஊசி போட்டுக்கொள்பவரை 'ஹைப்' என்றதும் உண்டு. இரண்டுக்கும் ஒரே வேரா என்பதில் அகராதிகள் ஒத்துப்போவதில்லை. எப்படியானாலும் பிறப்பில் கொஞ்சம் ஏமாற்று வாடை இருக்கிறது. இன்று அது மங்கிப்போனதால்தான் 'ஓவர்' என்ற ஒட்டு தேவைப்படுகிறது.

அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை கெய்ட்லின் கிளார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். அயோவா பல்கலைக்கழகத்துக்காக 3,951 புள்ளிகள் குவித்து, ஆண்கள் பக்கம் பீட் மாராவிச் வைத்திருந்த 3,667 என்ற சாதனையையும் தாண்டியவர். தொழில்முறை அணிகள் புது வீராங்கனைகளை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். 2024 ஏப்ரலில் இண்டியானா ஃபீவர் அணி அவரை முதல் தேர்வாக எடுத்த டிராஃப்ட் நிகழ்ச்சியைச் சுமார் 24.5 லட்சம் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். ஃபீவர் வரும் ஆட்டங்களைச் சில அணிகள் பெரிய அரங்குகளுக்கு மாற்றின. முதல் ஆண்டுச் சம்பளம் மட்டும் 76,535 டாலர். அதில் ஆரவாரம் ஏதுமில்லை!

மே 14 அன்று கனெக்டிகட் சன் அணியுடன் முதல் ஆட்டம். 20 புள்ளிகள் எடுத்தார், 10 முறை பந்தைப் பறிகொடுத்தார், அணி 21 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. 'இதுக்கா இவ்வளவு பில்டப்?' என்று கேட்க வாய்ப்பாகப் போயிற்று. ஜூலையில் ஒரே ஆட்டத்தில் 19 அசிஸ்ட் (சக வீராங்கனை கூடை போட வாகாகப் பந்து தருவது) கொடுத்துச் சாதனை படைத்தார். பருவ முடிவில் சிறந்த ரூக்கி (முதல் பருவம் ஆடுபவர்) விருதுக்கான 67 வாக்குகளில் 66 அவருக்கே விழுந்தன.

இந்த 'ரூக்கி', பிரிட்டிஷ் படைவீரர்களின் பேச்சில் 'ரெக்ரூட்' சிதைந்து வந்தது என்பார்கள். நம் விளையாட்டுப் பக்கங்களின் 'கத்துக்குட்டி' இங்கே கேலியாகிவிடும். 'அறிமுக வீராங்கனை' முதல் ஆட்டத்தோடு முடிந்துவிடும். ரூக்கி என்ற பெயரோ பருவம் முழுக்கக் கூடவே வரும். 'முதற்பருவ வீராங்கனை' என்பதே சரி.

ஹைப்புக்கு வருவோம். பேச்சில் 'பில்டப்' இருக்கிறது, ஆனால் அதுவும் ஆங்கிலம்தான். 'தம்பட்டம்' தானே அடித்துக்கொள்வது; கிளார்க்குக்காக அடித்தது ஊர். 'பரபரப்பு' கொலைச் செய்திக்கும் வரும். 'உயர்வு நவிற்சி' என்று சிலர் எழுதுகிறார்கள். அது அணி இலக்கணம். கவிஞர் மிகைப்படுத்துகிறார் என்று கேட்பவருக்குத் தெரியும். ஹைப்பை நாம் நம்பவேண்டும் என்றல்லவா கிளப்புகிறார்கள்?

என் தேர்வு 'ஆரவாரம்'. 'ஆரவாரமில்லாமல் வந்து ஓடிய படம்' என்று நாம் சொல்வது 'ஹைப் இல்லாமல்' என்ற பொருளில்தானே. ஓவர் ஹைப்புக்கு 'வெற்று ஆரவாரம்' ஏற்கெனவே கையில் இருக்கிறது. கிளார்க்குக்கு முன்னது பொருந்தும், பின்னது பொருந்தாது.