எரிந்த காட்டில் விதைப்பந்து வீசாதீர்கள்

அடிவாரக் காட்டில் தீ பரவிய படம் செய்தியில் வந்த மறுநாளே, "காடு செத்துப்போச்சு, மரம் நட வர்றோம்" என்று அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். இந்தக் கோடையில் ஒரு குழு யாரையும் கேட்காமலேயே வந்து, கருகிய புல்வெளியில் விதைப்பந்துகளை வீசிவிட்டுப் போயிருக்கிறது. காட்டுச் சூழலியலில் வேலை செய்பவன் என்ற முறையில் கெஞ்சிக் கேட்கிறேன், இதை நிறுத்துங்கள்.

கருகிய காடு உயிரோடுதான் இருக்கிறது. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் நிறைய இடங்களில் இருப்பது உலர் இலையுதிர் காடு: தேக்கு, வேங்கை, வெக்காலி, கருமருது, நெல்லி, கீழே உயரமான புல். இதற்குத் தீ புதிதில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் வைத்த தீயில் உருவான காடு இது. தீயைத் தாங்காத மரங்கள் ஓடைக்கரையிலும் ஈரப் பள்ளங்களிலும் தங்கின. பட்டை தடித்தவை மேட்டில் நின்றன. கருமருதின் பட்டையைத் தொட்டுப் பாருங்கள், முதலைத் தோல் மாதிரி வெடித்திருக்கும். கன்று மேலே கருகினாலும் வேர் சாகாது. பலமுறை கருகித் துளிர்த்து, வேரில் உணவு சேர்த்துக்கொண்டு, தீ வராத சில ஆண்டுகள் கிடைக்கும்போது விறுவிறுவென்று உயர்ந்துவிடும். நீங்கள் நடுவதற்குக் குழி தோண்டுவது அந்த வேரின் மேல்தான்!

அப்படியானால் தீ நல்லதா? எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எந்த மாதத்தில், எது எரிகிறது என்பதைப் பொறுத்தது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகப் பழங்குடிகள் கோடைக்கு முன்பே சருகு மட்டும் எரியும் சிறு தீ வைப்பார்கள். 1974-ல் அந்த மலை சரணாலயமானது. அப்புறம் தீ வைப்பதும் நின்றது. உண்ணிச்செடி (லாண்டானா) என்ற அந்நியப் புதர் மண்டியதற்கு அதுவும் காரணம் என்கிறார்கள் அவர்கள். இன்று மார்ச் மாதத் தீ அந்தப் புதரில் ஏறிக் கிளைவரை போகிறது. ஒரே இடம் ஆண்டுதோறும் எரிந்தால் கன்று எப்போது மரமாகும்?

காட்டோர வயலில் அறுவடைக்குப் பின் பயிர்த்தட்டையை எரிப்பவர்கள் முதலில் சுற்றிலும் மண் தெரியச் செதுக்குங்கள். காற்றடிக்கும் மதியத்தில் வைக்கவே வைக்காதீர்கள். மலைப்பாதையில் வண்டியை நிறுத்திச் சமைக்காதீர்கள், பீடியை எறியாதீர்கள். புகை தெரிந்தால் படமெடுத்துப் பகிர்வதற்கு முன் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றம், இந்தக் கட்டுரையைக் காட்டித் தப்ப முடியாது.

காட்டுக்கு உதவத்தான் வேண்டுமென்றால், வனச்சரகரிடம் அனுமதி கேட்டுவிட்டு ஜனவரியில் வாருங்கள். தீ தாண்டிப் பரவாமலிருக்கப் புல்லையும் சருகையும் அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்ட ஆள் தேவைப்படும் நேரம் அது.