சரிவு நிலத்தின் கார்பன் கணக்கு

மலைக்காட்டில் கார்பன் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மரத்தைத்தான் காட்டுவோம். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன் என்பதால் அது தப்பில்லை. ஆனால் பெரிய இருப்பு காலுக்குக் கீழே கிடக்கிறது. உலகம் முழுக்க மேல்மண்ணின் முதல் ஒரு மீட்டரில் மட்டும் சுமார் 1.5 லட்சம் கோடி டன் கார்பன் உண்டு. காற்றில் இருப்பதைப் போல அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

மலையில் இந்தச் சேமிப்புக்குக் குளிர் துணை நிற்கிறது. உயரம் கூடக்கூட வெப்பம் குறையும், மண்ணில் வாழும் நுண்ணுயிர்களின் வேகமும் குறையும். விழுந்த இலையும் செத்த வேரும் முழுதாகச் சிதையாமல் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, கறுத்த மண்ணாகின்றன.

சரி, அங்கே காட்டை வெட்டி எரித்து ஏர் ஓட்டினால் என்ன நடக்கும்? மரத்திலிருந்த கார்பன் புகையோடு போய்விடும். மண்ணில் இருப்பது அப்புறம், சத்தமில்லாமல் போகும். மண் துகள்கள் சின்னச் சின்னப் பொருக்குகளாக ஒட்டிக்கொண்டு, இலையும் வேரும் சிதைந்து உண்டான மட்கைத் தங்களுக்குள்ளே பொத்தி வைத்திருக்கும். ஏர் அந்தப் பொருக்குகளை உடைக்கிறது. நிழல் போனதால் மண் சூடாகிறது, காற்றும் உள்ளே புகுகிறது. நுண்ணுயிர்கள் மட்கைத் தின்று கார்பன் டை ஆக்சைடாக வெளிவிடுகின்றன. இயற்கைக் காடு வயலாகும்போது, சில பத்தாண்டுகளில் மேல்மண்ணின் கார்பனில் கால் பங்கு முதல் 40 சதவீதம் வரை போய்விடுவது சாதாரணம். அதில் பெரும்பகுதி முதல் சில ஆண்டுகளிலேயே போய்விடும். மண்ணிலிருந்து ஒரு டன் கார்பன் இப்படிக் கிளம்பினால், காற்றில் 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு சேரும்.

சமவெளியில் கதை இதோடு நிற்கும். சரிவில் மழையும் சேர்ந்துகொள்கிறது. மேல்மண் அரித்துப்போக, விளைச்சல் குறைகிறது. உரம் வாங்கக் காசில்லாத குடும்பம் இன்னொரு துண்டுக் காட்டைத் திருத்துகிறது. காடு தள்ளிப்போகப் போக விறகுக்கு நடக்கும் தூரம் கூடுகிறது. ஒரு கட்டத்தில் சாணமும் வைக்கோலும் அடுப்புக்குப் போய்விடுகின்றன, வயலுக்குத் திரும்பிப் போக ஒன்றும் மிஞ்சுவதில்லை. இந்த இடத்தைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். மண்ணின் கார்பன் கரைவதை அறியாமை என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்வது அநியாயம். அன்றைக்கு அடுப்பு எரிய அவர்களுக்கு வேறு வழி இல்லை.

இதைத் திருப்ப முடியுமா? சீனா பெரிய அளவில் முயன்றது. 1998-ல் யாங்சி ஆற்றில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, 1999-ல் சிச்சுவான், ஷான்சி, கான்சு மாகாணங்களில் ஒரு திட்டம் தொடங்கியது. 25 டிகிரிக்கு மேல் செங்குத்தான வயல்களில் உழவை விட்டுவிட்டு மரமோ புல்லோ வளர்த்தால், விவசாயிக்குத் தானியமும் பணமும் நாற்றும் கிடைக்கும். மண்ணரிப்பைத் தடுப்பதே நோக்கம். கார்பன் சேர்ந்தது கூடுதல் பலன். வயிற்றுப்பாட்டுக்கு ஈடு கொடுத்துவிட்டு நிலத்தைக் கேட்டதுதான் இதில் சரியான அம்சம்.

ஆனால் மரம் எல்லா இடத்துக்கும் மருந்தில்லை. வட சீனாவில், மழை குறைந்த லோயஸ் பீடபூமியில் நட்ட மரங்கள் பல இடங்களில் ஆழத்து ஈரத்தை உறிஞ்சித் தீர்த்தன. பிறகு வளர முடியாமல் குட்டையாகவே முதிர்ந்து நின்றன. அங்குள்ளவர்கள் அவற்றைச் ‘சின்னக் கிழட்டு மரம்’ என்கிறார்கள். அந்த மண்ணுக்குப் புல்லும் புதருமே பொருந்தும். பொருத்தமான செடி நட்டாலும் பொறுமை வேண்டும். நடக் குழி தோண்டுவதால் முதல் சில ஆண்டுகளில் மண்ணின் கார்பன் குறையக்கூட வாய்ப்புண்டு. இழந்ததைத் திரும்பச் சேர்க்கப் பல பத்தாண்டுகள் ஆகும்.

நேபாளம் வேறு வழியில் போனது. 1993-ன் வனச் சட்டம் காடுகளைப் பராமரிக்கும் உரிமையை ஊர்க் குழுக்களிடம் கொடுத்தது. 1992-ல் நிலப்பரப்பில் சுமார் 26 சதவீதமாக இருந்த காடு, 2016-ல் 45 சதவீதமானது. இளைஞர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனதால் தரிசான மேட்டு வயல்களில் காடு தானாக ஏறியதும் இதற்கு ஒரு காரணம்.

இன்னொரு மாற்றமும் உண்டு: வயலும் காடும் சாலையாகவும் வீடாகவும் ஆவது. 2016 முதல் 2020 வரை சீனா சுமார் 96 லட்சம் ஏழை மக்களை, வாழக் கடினமான இடங்களிலிருந்து புதிய குடியிருப்புகளுக்கு மாற்றியது. விட்டு வந்த சரிவில் காடு மெல்ல மீள்கிறது. புதிய இடத்தில் சிமெண்டும் எஃகும் வேண்டும். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது, எரிபொருளின் புகை போக, கல்லிலிருந்தே கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். காடு பல ஆண்டுகளில் இழுப்பதைக் கட்டடம் சில மாதங்களில் வெளிவிட்டுவிடலாம். அதற்காக அந்தக் குடும்பங்களுக்குச் சாலையும் மின்சாரமும் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருகிறதா, நீரிலிருந்தும் சூரியனிலிருந்தும் வருகிறதா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

லாப நட்டம் பார்க்க மண்ணை அளந்தாக வேண்டும். செயற்கைக்கோளுக்கு இலைப்பரப்பு தெரியும், மட்கு தெரியாது. ஒரே சரிவில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் அளவு மாறுவதால் ஒரு குழி போதாது. பல இடங்களில் தோண்டி மண் எடுத்து, பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து அதே இடங்களுக்கு மறுபடி ஏறிப்போய்த் தோண்ட வேண்டும்.