சொல் விளக்கம்: ‘ஸ்போர்ட்’ என்பதும் ‘விளையாட்டு’ என்பதும்

“இதெல்லாம் ஒரு விளையாட்டா?”

தமிழில் இப்படிக் கேட்டால் இரண்டு பொருள் வரும். இதை விளையாட்டு வகையில் சேர்க்கலாமா என்பது ஒன்று. என்ன, கேலி செய்கிறாயா என்பது இன்னொன்று. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் நடனத்துக்குப் பதக்கம் கொடுத்தபோது பலர் இரண்டு பொருளிலும் ஒரே மூச்சில் கேட்டார்கள். தலையை ஊன்றிச் சுழல்கிறார், நடுவர்கள் ஒப்பிட்டு வாக்களிக்கிறார்கள், தங்கம் கிடைக்கிறது. இது ஸ்போர்ட்டா, கூத்தா? சதுரங்கம், சீட்டாட்டம், கணினி விளையாட்டு, கம்ப நடனம் என்று எது ஒலிம்பிக் வாசலில் வந்து நின்றாலும் இதே கேள்விதான். இந்தச் சண்டையில் பாதி ஆட்டங்களைப் பற்றியது. மீதிப் பாதி ஒரு சொல்லைப் பற்றியது. அந்தச் சொல்லைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

ஆங்கில ‘ஸ்போர்ட்’ பிறவியிலேயே ஆங்கிலம் அல்ல. பழைய பிரெஞ்சில் ‘தெஸ்போர்’ என்றொரு சொல் இருந்தது. களிப்பு, கேளிக்கை என்று பொருள். அதன் வேர் லத்தீனில் இருக்கிறது: ‘போர்த்தாரே’ என்றால் சுமத்தல், எடுத்துச்செல்லுதல். மனத்தை அதன் கவலையிலிருந்து அப்பால் எடுத்துச்செல்வது தெஸ்போர். ஆங்கிலத்துக்குள் ‘டிஸ்போர்ட்’ ஆக நுழைந்து, 15ஆம் நூற்றாண்டில் முதல் அசை உதிர்ந்து ‘ஸ்போர்ட்’ ஆனது. அப்போது அதில் போட்டியும் இல்லை, வியர்வையும் இல்லை. சும்மா பொழுதைக் கழிப்பதுதான்.

இங்கே ஒரு தமிழ்ச் சொல் நினைவுக்கு வரவேண்டும்: பொழுதுபோக்கு. ‘போக்கு’ என்றால் போகச் செய்தல். அவர்கள் மனத்தை எடுத்துச் சென்றார்கள், நாம் பொழுதைப் போக்கினோம். வேர்ப்பொருளை மட்டும் வைத்துப் பார்த்தால் ‘ஸ்போர்ட்’ என்பதற்கு மிக நெருங்கிய தமிழ், விளையாட்டு அல்ல, பொழுதுபோக்குதான். நான்கு ஆண்டு உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்துவிட்டு வந்து நிற்கும் ஒரு பளுதூக்கும் வீரரிடம் போய் இதைச் சொல்லிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

பின்னர் சில நூற்றாண்டுகளுக்கு ‘ஸ்போர்ட்’ பெரிதும் செல்வர்களின் வேட்டையையும் மீன்பிடிப்பையும் குறித்தது. ‘ஸ்போர்ட்ஸ்மேன்’ என்றால் துப்பாக்கியும் நாயுமாகக் கிளம்பும் ஆள். விதிகள் எழுதி, சங்கங்கள் அமைத்து, அளந்து, கணக்கெடுத்து நடத்தும் உடல்திறப் போட்டி என்ற பொருள் இதற்கு உறுதியாக ஒட்டிக்கொண்டது 19ஆம் நூற்றாண்டில்தான். நவீன ஒலிம்பிக் அந்த நூற்றாண்டின் கடைசியில், 1896இல் பிறந்தது. அப்போது சொல்லே இன்னும் காயவில்லை. 1900 பாரிஸில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள். அதை ஒலிம்பிக் பந்தயமாகக் கணக்கில் சேர்ப்பதா கூடாதா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் அந்தக் கால ‘ஸ்போர்ட்’ என்ற சொல்லின்படி அது வினோதமே அல்ல. அசல் ஸ்போர்ட் அதுதான்.

பழைய கிரேக்கர்களிடம் இந்தச் சொல் இல்லை. அவர்கள் கையாண்டவை வேறு இரண்டு. ‘அகோன்’ என்றால் போட்டி. ‘அத்லான்’ என்றால் வென்றவருக்குக் கிடைக்கும் பரிசு. அதிலிருந்து வந்தவர்தான் ‘அத்லீட்’, பரிசுக்காகப் போட்டியிடுபவர். ஆக அத்லீட் என்ற சொல்லின் அடியில் உடல் இல்லை, பரிசு இருக்கிறது. அதனால்தான் கி.மு. 396இல் ஒலிம்பியாவில் எக்காளம் ஊதுவதற்கும், கட்டியம் கூறுவதற்கும் போட்டி வைத்தபோது கிரேக்க மொழிக்கு ஒரு சங்கடமும் வரவில்லை. கோவேறு கழுதை வண்டிப் பந்தயம்கூட ஐம்பது ஆண்டுக்கு மேல் நடந்து, பிறகு கைவிடப்பட்டது. கி.பி. 67இல் ரோமப் பேரரசன் நீரோ தன் வசதிக்காக இசைப்போட்டியையும் சேர்க்க வைத்தான். பத்துக் குதிரை பூட்டிய தேரில் ஏறி, கீழே விழுந்து, பந்தயத்தை முடிக்காமலேயே வாகையும் சூடிக்கொண்டான். எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்ற வழக்கு, ஒலிம்பிக்கின் வயதுக்குக் கொஞ்சம்தான் இளையது.

இனி நம் பக்கம். விளையாட்டு என்ற சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. உரியியலில், “கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு” என்று ஒரு நூற்பா. கெடவரல், பண்ணை என்ற அருஞ்சொற்கள் இரண்டுக்கும் பொருள் சொல்ல வந்தவர், எல்லாருக்கும் தெரிந்த சொல்லாக ‘விளையாட்டு’ என்பதைக் கொடுக்கிறார். அருஞ்சொற்கள் இரண்டும் அந்தப் பொருளில் வழக்கொழிந்தன. விளக்க வந்தது நிலைத்துவிட்டது. மெய்ப்பாட்டியலில் இன்னொரு இடம் இன்னும் சுவையானது: “செல்வம் புலனே புணர்வு விளையாட்டென்று அல்லல் நீத்த உவகை நான்கே.” துன்பம் நீங்கிய மகிழ்ச்சி பிறக்கும் நான்கு இடங்களில் ஒன்று விளையாட்டு. வெற்றி என்ற சொல் அங்கே இல்லை. பழைய பிரெஞ்சுக்காரரின் ‘தெஸ்போர்’ சொன்னதும் இதைத்தானே. சங்கப் பாடல்களில் வரும் ஓரையும் வண்டலும் பெண்கள் கூடி ஆடுபவை, மணலில் பாவை செய்பவை. அங்கே யார் முதலிடம் என்று யாரும் கேட்கவில்லை.

சொல்லைப் பிரித்தால் விளை, ஆட்டு. முதல் பகுதியை ‘விழை’, அதாவது விரும்பு என்பதோடு இணைத்து, விரும்பி ஆடுவது விளையாட்டு என்று கொள்வார்கள். வேர் பற்றிய தீர்ப்பு எப்படியிருந்தாலும், இந்த விளக்கம் ஒலிம்பிக்கின் ஒரு பழைய தலைவலியைத் தொடுகிறது. ‘அமெச்சூர்’ என்ற சொல்லும் லத்தீனில் ‘நேசிப்பவர்’ என்ற பொருளிலிருந்து வந்ததுதான். பணத்துக்காக அல்லாமல் விழைந்து செய்பவர். இந்த ஒரு சொல்லை வைத்து ஒலிம்பிக் பல தலைமுறை ஆட்களை வெளியே நிறுத்தியது. கவிஞர்கள், ஓவியர்கள் உட்பட!

ஆம், 1912 முதல் 1948 வரை கட்டடக்கலை, இலக்கியம், இசை, ஓவியம், சிற்பம் ஐந்துக்கும் ஒலிம்பிக் பதக்கம் உண்டு. நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிவைத்த பியர் தெ கூபெர்த்தேனே 1912 ஸ்டாக்ஹோமில் புனைபெயர்களில் ஒரு கவிதை அனுப்பி இலக்கியத்துக்கான தங்கத்தை வாங்கினார். கவிதையின் பொருள் என்ன தெரியுமா? ஸ்போர்ட்டைப் போற்றும் பாட்டு. ஐரிஷ் ஓவியர் ஜாக் யேட்ஸ் 1924இல் நீச்சல் பந்தயத்தை வரைந்து வெள்ளி பெற்றார். 1948இல் வெள்ளி வென்ற பிரிட்டிஷ் கலைஞர் ஜான் காப்ளிக்கு வயது 73. இவற்றை நீக்கியதற்குக் காரணம் ‘ஓவியம் ஸ்போர்ட் அல்ல’ என்பதல்ல. கலைஞர்கள் தொழில்முறையாளர்கள், அமெச்சூர்கள் அல்லர் என்பதே. ஆக ஒலிம்பிக் அவர்களை வெளியே அனுப்பியது ஒரு சொல்லால், ஆனால் அந்தச் சொல் ஸ்போர்ட் அல்ல.

‘ஆடு’ என்ற வினைக்கு வருவோம். தமிழின் வளமெல்லாம் இங்கேதான். நீராடு, ஊஞ்சலாடு, கூத்தாடு, வேட்டையாடு, போராடு, உரையாடு, வழக்காடு, கொண்டாடு. நடனமும் ஆட்டம், கால்பந்தும் ஆட்டம். ‘நல்ல ஆட்டக்காரர்’ என்று ஒருவரைச் சொன்னால் அவர் மேடையில் இருப்பவரா மைதானத்தில் இருப்பவரா என்பது பேச்சின் இடத்தை வைத்துத்தான் தெரியும். ஆங்கிலத்தில் நடனத்தைப் போட்டிக்குள் கொண்டுவர ‘டான்ஸ்ஸ்போர்ட்’ என்று ஒட்டுப்போட வேண்டியிருந்தது. பாரிஸில் பிரேக்கிங்கை நடத்தியதும் அந்தப் பெயர் கொண்ட உலகக் கூட்டமைப்புதான். தமிழில் அந்த ஒட்டு தேவையே இல்லை. ஆனால் நம் சொல் இவ்வளவு அகலமாக இருப்பதால் அதைக் கொண்டு எதையும் தடுத்து நிறுத்தவும் முடியாது.

ஒரு வழக்கைப் பார்க்கலாம். பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்துக்கு மதிப்புக் கூட்டு வரி விலக்கு வேண்டும், அதுவும் ஸ்போர்ட்தான் என்று இங்கிலாந்தின் பிரிட்ஜ் சங்கம் வாதாடியது. 2017இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அன்றாடப் பேச்சில் ‘ஸ்போர்ட்’ என்றால் புறக்கணிக்க முடியாத அளவுக்கு உடலுழைப்பு உள்ள செயல் என்றுதான் பொருள், பிரிட்ஜில் அது இல்லை என்றது. தமிழின் அன்றாடப் பேச்சை வைத்துத் தீர்ப்பெழுதியிருந்தால் சங்கம்தான் வென்றிருக்கும். சீட்டு ‘விளையாடுகிறோம்’ என்றுதானே சொல்கிறோம்? இதில் வேடிக்கை, பன்னாட்டு ஒலிம்பிக் குழு பிரிட்ஜ் கூட்டமைப்பை 1995இலும், சதுரங்கக் கூட்டமைப்பை 1999இலும் அங்கீகரித்துவிட்டது. அங்கீகாரம் உண்டு, ஒலிம்பிக்கில் பதக்கம் இல்லை.

என் வாதம் இந்த இடத்தில்தான். ‘இது விளையாட்டா?’ என்பதும் ‘இது ஒலிம்பிக்கில் இருக்கத் தக்கதா?’ என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். முதலாவதை அகராதி பார்த்துக்கொள்ளும். இரண்டாவது நிர்வாக முடிவு. ‘ஒலிம்பிக் விளையாட்டு’ என்பது ஓர் இனப்பெயர் அல்ல, ஒரு பட்டியலின் பெயர்.

கயிறு இழுத்தலைப் பாருங்கள். உடல் உண்டு, போட்டி உண்டு, வெற்றி தோல்வியில் ஐயமே வராது. 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கில் இருந்தது, பிறகு இல்லை. மறுபுறம் 1904 செயின்ட் லூயிஸில் ‘தூரப் பாய்ச்சல்’ என்று ஒன்று: நீரில் பாய்ந்தபின் கைகால் அசைக்காமல் மிதந்து போகவேண்டும், அறுபது விநாடியில் எவ்வளவு தூரம் என்று அளப்பார்கள். போட்டியிட்ட ஐவரும் அமெரிக்கர்கள். வில்லியம் டிக்கி 19.05 மீட்டர் மிதந்து தங்கம் வென்றார். அசையாமல் இருப்பவருக்குத் தங்கம் கொடுத்த மேடை, சதுரங்கத்தில் உடலசைவு போதாது என்று சொன்னால் கொஞ்சம் இடிக்கும். 1984 முதல் 1992 வரை ஒத்திசைவு நீச்சலில் தனிநபர் பிரிவு இருந்தது. தனியாக ஒருவர் யாரோடு ஒத்திசைவார் என்ற கேலிக்கு, இசையோடு என்பதே பதில். 2017இல் பெயரையே கலைநீச்சல் என்ற பொருளில் மாற்றிவிட்டார்கள்.

பிரேக்கிங்கும் இப்படித்தான். ஓர் ஆஸ்திரேலியப் போட்டியாளரின் ஆட்டம் உலகெங்கும் கேலிக்குள்ளானதால்தான் அது 2028 லாஸ் ஏஞ்சலீஸில் இல்லை என்று பலர் நம்புகிறார்கள். காலம் இடிக்கிறதே. கிரிக்கெட், ஸ்குவாஷ், லக்ராஸ், கொடிக் கால்பந்து, பேஸ்பால்–சாஃப்ட்பால் என்று லாஸ் ஏஞ்சலீஸின் கூடுதல் பட்டியல் 2023 அக்டோபரிலேயே முடிவாகிவிட்டது. பிரேக்கிங் அப்போதே அதில் இல்லை. போட்டி நடத்தும் நகரம் தனக்கு வேண்டியதை முன்மொழியலாம் என்பது இப்போதைய நடைமுறை. முன்பு கணக்கு வேறு: ஆண்கள் பிரிவென்றால் நான்கு கண்டங்களில் 75 நாடுகளிலாவது, பெண்கள் பிரிவென்றால் மூன்று கண்டங்களில் 40 நாடுகளிலாவது பரவலாக ஆடப்பட வேண்டும், இயந்திர விசையால் ஓடுவதற்கு இடமில்லை.

பன்னாட்டு விளையாட்டுக் கூட்டமைப்புகளின் கூட்டிணைவு ஒன்று, ஸ்போர்ட் என்பதற்குத் தனியே வரையறை வைத்திருந்தது. போட்டி இருக்கவேண்டும், குருட்டு அதிர்ஷ்டத்தை நம்பக்கூடாது, உயிரினத்துக்குத் தீங்கு கூடாது, ஒரே நிறுவனம் மட்டும் தரும் கருவியைச் சார்ந்திருக்கக்கூடாது. உடல் என்பது கட்டாயம் அல்ல. உடல், மூளை, இயந்திரம், கையொருங்கிணைப்பு, விலங்கு என்று வகைதான் பிரித்தார்கள். 2017இல் கம்ப நடனத்துக்கும் கைமல்யுத்தத்துக்கும் பார்வையாளர் தகுதி, அதாவது முழு உறுப்பினர் ஆவதற்கு முந்தைய படி, கொடுத்ததும் அவர்களே. கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். கணினி விளையாட்டுக்குப் பெரிய முட்டுக்கட்டை விரல்நுனியில் இல்லை, அங்கே இருக்கிறது: உயரம் தாண்டுதலுக்கு உரிமையாளர் கிடையாது, கணினி விளையாட்டுக்கு உண்டு.

சரி, எழுதும்போது எந்தச் சொல்லைப் போடுவது? ஒலிம்பிக் ‘கேம்ஸ்’ என்பதற்கு ‘ஒலிம்பிக் விளையாட்டுகள்’ என்று எழுதினால், ஒலிம்பிக்கில் உள்ள ஸ்போர்ட்டுகளா, ஒலிம்பிக் நிகழ்வா என்று குழம்பும். நிகழ்வுக்கு ‘ஒலிம்பிக் போட்டி’ நன்றாகவே ஓடுகிறது. ஒலிம்பிக் குழு ஸ்போர்ட், டிசிப்ளின், ஈவென்ட் என்று மூன்று அடுக்கு வைத்திருக்கிறது. விளையாட்டு, பிரிவு, பந்தயம் என்று வைத்துக்கொள்ளலாம். நீர் விளையாட்டு, அதில் நீச்சல் பிரிவு, அதில் 100 மீட்டர் பந்தயம். ‘மேட்ச்’ என்பதற்கு ஆட்டம். ‘அத்லெட்டிக்ஸ்’ என்பதற்குத் தடகளம். தடமும் களமும் சேர்ந்த அருமையான ஆக்கம். இலங்கைத் தமிழர் இதையே மெய்வல்லுநர் போட்டி என்பார்கள். மெய்யில் வல்லவர் என்று உடலைச் சொல்லுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். கிரேக்கரின் ‘அத்லீட்’டில் இல்லாதது இதில் இருக்கிறது.

விதியும் நடுவரும் தரவரிசையும் கொண்ட குறுகிய பொருளில் ஸ்போர்ட்டைத் தனித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘போட்டி விளையாட்டு’ என்றால் போதும். ‘மைண்ட் ஸ்போர்ட்’ மதி விளையாட்டு. ‘டான்ஸ்ஸ்போர்ட்’ போட்டி நடனம். ‘ஈஸ்போர்ட்ஸ்’ என்பதற்கு மின்விளையாட்டு என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு குறை: வீட்டில் தனியே உட்கார்ந்து ஆடுவதும் அதுதான் என்று தோன்றிவிடும். ‘மின்விளையாட்டுப் போட்டி’ என்று நீட்டினால் தெளிவு வரும், தலைப்பில் இடம் பிடிக்காது. அதுவரை ஈஸ்போர்ட்ஸ் என்றே எழுதுவதிலும் தவறில்லை.