ஆய்வேட்டின் நடுவில் ஊக்கம் ஏன் வற்றுகிறது?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எனக்குத் தெரிந்த ஆய்வு மாணவி ஒருவர், பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீர் சித்தூர் வட்டாரத்து வயல்களில் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று ஆராய்கிறார். தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட 1970ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. தண்ணீர் வந்து சேர வேண்டும். மூலத்தரையில் பிரியும் அந்தத் தண்ணீரின் பின்னாலேயே எருத்தேம்பதி, வடகரப்பதி என்று வெயிலில் அலைந்த மாதங்களில் அவர் முகத்தில் சோர்வைப் பார்த்ததில்லை. தமிழில் பேசிய விவசாயிகளின் பேச்சும் மலையாள அரசு ஆவணங்களும் கட்டுக்கட்டாகச் சேர்ந்துவிட்டன. இப்போது மூன்றாம் இயலில் நிற்கிறார். மனம் வந்தால் எழுதிவிடுவேன் என்கிறார். இதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம்.

மூளையில் சுரக்கும் டோபமைனை இன்பத்தின் ரசாயனம் என்று பலரும் எழுதுகிறார்கள். நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் நடத்திய ஆய்வுகள் அதைவிட நுட்பமான ஒன்றைக் காட்டின. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் நரம்பணுக்கள் துடித்தெழுந்தன. ஒரு விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, விளக்கு எரியும்போதுதான் அவை எழுந்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது வழக்கமான அளவுக்கும் கீழே அடங்கின. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டையே அந்த அணுக்கள் தெரிவிக்கின்றன என்று 1997இல் ஷுல்ட்ஸும் பீட்டர் டயானும் ரீட் மான்டேகும் விளக்கினார்கள்.

கள ஆய்வில் ஏன் உற்சாகம் இருந்தது என்பது இதிலிருந்து புரிகிறது. ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் எதிர்பாராத ஒரு செய்தி கிடைத்தது. மூன்றாம் இயலிலோ சொல்ல வேண்டியதெல்லாம் தெரிந்ததாகவே தோன்றுகிறது. வாய்மொழித் தேர்வும் பட்டமும் எங்கோ இருக்கின்றன. வெகுதூரத்துப் பரிசுக்கு மூளை குறைந்த மதிப்பே தரும். இலக்கு நெருங்க நெருங்க வேகம் கூடும் என்ற கருத்தை உளவியலாளர் கிளார்க் ஹல் 1932இலேயே முன்வைத்தார்; நேர்ப்பாதையில் ஓடிய எலிகள் உணவை நெருங்கும்போது விரைந்ததைப் பிறகு அளந்தும் காட்டினார். ஆய்வேட்டின் தொடக்கத்தில் புதுமை உண்டு, முடிவில் இலக்கு கண்ணுக்குத் தெரியும். நடுவில் இரண்டும் இல்லை. கடைமடை வயலைப் போல அது காய்கிறது.

அப்படியானால் மனம் வரும்வரை காத்திருக்கலாமா? உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேராகப் பதில் சொல்கிறது. 27 கல்லூரி ஆசிரியர்களை அவர் மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழு அவசரமானதைத் தவிர எதையும் எழுதக் கூடாது. இன்னொரு குழு தோன்றியபோது எழுதலாம். மூன்றாவது குழு குறித்த வேளையில் எழுதியே ஆக வேண்டும். தவறினால் தமக்கு அறவே பிடிக்காத அமைப்புக்குப் பணம் போய்ச் சேரும். தோன்றியபோது எழுதியவர்கள் நாளுக்குச் சராசரியாக 0.9 பக்கமும், கட்டாயத்தில் எழுதியவர்கள் 3.2 பக்கமும் எழுதினார்கள். பக்கம் கூடியதில் வியப்பில்லை. புதிய எண்ணங்களும் அவர்களுக்கே அதிகம் வந்தன என்பதுதான் முக்கியம்: நாளுக்கு ஒன்று. காத்திருந்தவர்களுக்கு இரண்டு நாளுக்கு ஒன்று. 27 பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் எழுத உட்காரும் எவரும் இந்த முடிவைத் தம்மிடமே சோதித்துப் பார்த்துவிடலாம்.

ஏன் இப்படி நடக்கிறது? என் கணிப்பு இது. கடைமடைக்குத் தண்ணீர் தாமதமாக வருகிறது என்று அந்த மாணவி ஒரு வாக்கியம் எழுதுகிறார். எத்தனை நாள் தாமதம் என்று எழுதப் போகும்போது, ஒரே கால்வாயில் பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் இருவர் வேறு வேறு கணக்குச் சொல்லியிருப்பது கண்ணில் படுகிறது. தலைக்குள் இருந்தவரை அந்த முரண் தெரியவில்லை. தாளில் இறங்கியதும் தெரிகிறது. அங்கேதான் எதிர்பாராதது மீண்டும் கிடைக்கிறது, கள ஆய்வின் உற்சாகமும் திரும்புகிறது.

உட்காருவதற்கும் வழி இருக்கிறது. இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இன்ன வேலை என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள், வெறுமனே செய்வேன் என்று நினைத்தவர்களைவிட அதிகம் செய்து முடிப்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் தொகுத்துக் காட்டினார். இன்று மூன்றாம் இயல் என்பது திட்டமே ஆகாது. காலை ஆறு மணிக்கு, அடுப்பங்கரை மேசையில், வலது கரைக் கால்வாய் அட்டவணைக்குக் கீழே இரண்டு பத்தி என்பது திட்டம். எழுந்திருக்கும்போது ஒரு வாக்கியத்தைப் பாதியில் விடுவதும் நல்லது. இடையில் நிறுத்தப்பட்ட வேலையை யாரும் சொல்லாமலே மக்கள் மறுபடி எடுத்துச் செய்வதை உளவியலாளர் மரியா ஓவ்சியாங்கினா 1928இலேயே பதிவு செய்திருக்கிறார்.

நெறியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். முழு இயலையும் கொண்டுவா என்று சொல்லி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். வாரம் இரண்டு பக்கம் கேளுங்கள். அதே வாரத்தில் படித்துத் திருப்பிக் கொடுங்கள்.